செட்டிநாட்டு வீட்டை வரைய எந்த மை, எந்த அச்சு?

கவின்கலைக் கல்லூரி முடித்துவிட்டு காரைக்குடி, தேவகோட்டை பக்கம் ஊருக்கே திரும்பிவரும் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: இந்த வீடுகளை வைத்து ஒரு தொடர் செய்ய வேண்டும், பேனா மையிலேயே இருக்கலாமா, லினோவுக்குப் (லினோலியம் தகட்டில் செதுக்கி அச்செடுப்பது) போகலாமா, இல்லை காசு சேர்த்து ஒரு எட்சிங் பிரஸ் (அமிலத்தால் அரித்த உலோகத் தகட்டிலிருந்து அச்செடுக்கும் கருவி) வாங்கிவிடலாமா? கையில் இருக்கும் பணமும் இடமும் ஒன்றுக்குத்தான் காணும். அதனால் யோசித்துத்தான் எடுக்க வேண்டும்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கு உள்ளே உட்கார்ந்து வரையப் போகிறீர்கள் என்றால் லினோ. தெருவில் நின்று முகப்பை வரையப் போகிறீர்கள் என்றால் பேனாவும் மையும். எட்சிங் செய்யுங்கள், ஆனால் வீட்டில் வேண்டாம். விலையைப் பார்த்து மட்டும் இப்படிப் பிரிக்கவில்லை. இந்த வீடுகளுக்குள் வெளிச்சம் வரும் விதத்தைப் பார்த்துத்தான் பிரிக்கிறேன்.

வாசலில் நின்று பார்த்தால் முகப்பு, வளவு (முற்றம் உள்ள முதல் கட்டு), இரண்டாங்கட்டு, அடுப்படி என்று பின்வாசல் வரை பார்வை நேராகப் போகும். அந்த நீளம் முழுக்க வெளிச்சம் ஒரே மாதிரி விழுவதில்லை. முற்றத்தில் கொட்டும். சுற்றியுள்ள பத்தியில் (தூண் வரிசை நிற்கும் தாழ்வாரம்) பாதியாகும். அறைகளுக்குள் போனால் கண் பழகவே நேரம் பிடிக்கும். இருட்டு, வெளிச்சம், மறுபடி இருட்டு, மறுபடி வெளிச்சம் என்று பட்டை பட்டையாகத்தான் வீடு தெரிகிறது. பத்தியில் நிற்கும் தேக்குத் தூணைப் பாருங்கள்: முற்றத்தைப் பார்த்த ஓரத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கோடு இருக்கும், மற்றதெல்லாம் கறுப்பு.

இதைப் பேனாவில் வரைய வெள்ளைத் தாளில் ஆரம்பித்து, இருட்டைக் கோடு கோடாக நிரப்பிக்கொண்டே போக வேண்டும். தூணின் அந்த ஒரு வெளிச்சக் கோட்டை மட்டும் கடைசி வரை காப்பாற்ற வேண்டும். படத்தின் முக்கால்வாசிக்குமேல் இருட்டு என்றால், உழைப்பின் முக்கால்வாசியும் முக்கியமில்லாத இடத்தில் போய்விடும். லினோவில் கதை தலைகீழ். தகடு முழுக்க ஏற்கெனவே இருட்டு. உளி எடுத்துப் போடுவதெல்லாம் வெளிச்சம். தூணின் ஓரத்தில் ஒரே ஓட்டமாக ஒரு கோடு இழுத்தால் தூண் எழுந்து நின்றுவிடும். வீடு கட்டியவர் முற்றத்தைத் திறந்து விட்டு வெளிச்சத்தை உள்ளே எடுத்த அதே வரிசையில் நீங்களும் வேலை செய்கிறீர்கள். எனக்கு லினோ பிடித்துப்போனதற்கு இதைவிடப் பெரிய காரணம் இல்லை.

வெளியே வந்தால் நிலைமை வேறு. பகல் பதினொரு மணிக்கு கானாடுகாத்தான் தெருவில் ஒரு முகப்பைப் பாருங்கள். சுவர் முழுக்க வெளிச்சம். நிழல் என்பது சுதைச் சிற்பத்தின் அடியில், கைப்பிடிச் சுவரின் இடுக்கில், ஜன்னல் வளைவின் உள்ளே என்று மெல்லிய கோடுகளாகத்தான் இருக்கும். கஜலட்சுமியின் இரண்டு பக்க யானைகளும், பூங்கொத்தும், பொறித்துவைத்த ஆண்டும் இந்தச் சின்ன நிழல்களால்தான் கண்ணுக்கே தெரிகின்றன. இதற்குப் பேனாதான் சரி. வெள்ளைத் தாள்தான் சுவர். நிழலை மட்டும் எழுதினால் போதும். ஆனந்த விகடனில் ஓவியர் சில்பி வரைந்த கோயில் சிற்பங்களைப் பழைய இதழ்களில் தேடிப் பாருங்கள். கல்லின் வளைவு எங்கே திரும்புகிறதோ அங்கே மட்டும் கோடு நெருங்கும், மற்ற இடத்தில் தாளையே பேசவிடுவார். ஓவியர் கே.எம். ஆதிமூலம் 1969இல் காந்தி நூற்றாண்டையொட்டி வரைந்த கோட்டோவியங்கள் வேறு வகை. அங்கே கோட்டின் வேகமே உருவத்தைத் தாங்குகிறது. சுதை வேலைப்பாட்டுக்கு சில்பியின் வழியில் பழகிவிட்டு, திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஆட்களை வரையும்போது ஆதிமூலத்தை நினைத்துக்கொள்ளலாம்.

பேனா என்று முடிவெடுத்தால் அடுத்த கேள்வி மை. கடையில் கிடைக்கும் கேமல் வாட்டர்ப்ரூஃப் டிராயிங் இங்க் போன்றவை கரியை அடிப்படையாகக் கொண்டவை. வெயிலில் வெளுக்காது, காய்ந்தபிறகு மேலே நீர்வண்ணம் பூசினாலும் கரையாது. ஆனால் மையூற்றுப் பேனாவில் ஊற்றக் கூடாது. காய்ந்தால் பேனா அடைத்துக்கொள்ளும், பிறகு எடுக்க முடியாது. தொட்டு எழுதும் நிப்பும் மூங்கில் பேனாவும்தான் இதற்கு. எழுதப் பயன்படும் நீல, கறுப்பு மைகளில் பெரும்பாலானவை சாய மைகள். குறிப்பேட்டில் மூடிவைத்தால் இருக்கும், சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினால் வெளுத்துவிடும். விற்கப்போகும் படத்துக்கு அந்த மை வேண்டவே வேண்டாம்.

மூன்றாவது ஒன்று இருக்கிறது, கடுக்காய் மை. எனக்கு அதன் மேல் தனிப் பிரியம். கடுக்காயைக் கொட்டை நீக்கி இடித்து, தண்ணீரில் ஊறவைத்துக் காய்ச்சி வடிகட்ட வேண்டும். அதில் அன்னபேதியைக் (இரும்பு சல்பேட்) கரைத்துச் சேர்த்தால், மஞ்சள் பழுப்பாக இருந்த சாறு கண்ணெதிரே கறுக்கும். கடுக்காயின் துவர்ப்பும் அன்னபேதியில் இருக்கும் இரும்பும் சேர்ந்துதான் அந்தக் கறுப்பு வருகிறது. கொஞ்சம் கருவேலம் பிசின் சேர்த்தால் மை தாளில் பரவாமல் நிற்கும். எல்லாமே நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். இந்த மையில் போட்ட கோடு முதலில் வெளிறித் தெரியும், காற்றுப்பட்டுப் பட்டுக் கறுக்கும். ஆகையால் வரையும்போது தெரிவதை நம்பி மேலும் மேலும் பூசக்கூடாது. அன்னபேதி கூடினால் வருடங்கள் போகப் போகத் தாளை அரிக்கும், கோடு பழுப்பாகும். எஃகு நிப்பையும் தின்னும், மூங்கில் பேனாவே நல்லது. பழைய கட்டடங்களில் சுண்ணாம்புச் சாந்தோடு கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்தார்கள். சுவருக்குள் போன அதே கடுக்காயை எடுத்துச் சுவரை வரைகிறோம் என்பது எனக்கு நெஞ்சுக்கு நெருக்கமான விஷயம். ஆனாலும் விற்பனைக்கான படத்துக்கு நான் பரிந்துரைப்பது கரி மைதான். கடுக்காய் மையைக் குறிப்பேட்டுக்கும் சோதனைகளுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி லினோ. இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்கப் போகிறேன், ஏனென்றால் வாங்கச் சொல்வது இதைத்தான்.

லினோலியம் என்பது ஆளிவிதை எண்ணெயும் தக்கைத் தூளும் சேர்த்து, சணல் துணியின் மேல் படியவைத்துச் செய்த தரை விரிப்பு. தரைக்கு வந்த பொருளை ஓவியர்கள் எடுத்துக்கொண்டார்கள். உப்பு யாத்திரையையொட்டி 1930இல் நந்தலால் போஸ் செய்த காந்தி உருவம் லினோகட்தான். கோலூன்றி நடக்கும் அந்தக் காந்தியைத் தெரியாதவர் குறைவு. கறுப்பும் வெள்ளையும் மட்டும் வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

நம் ஊர் வெயில் லினோவுக்கு நண்பன். குளிர்ந்த இடத்தில் லினோ விறைத்து, உளி வழுக்கும். இங்கே வெட்டுவதற்கு முன் தகட்டை முற்றத்து வெயிலில் கொஞ்ச நேரம் வைத்து எடுத்தால் போதும், பதமாக இளகிவிடும். V வடிவ உளியை மெல்லச் சாய்த்துத் தள்ளினால் சுருள் சுருளாக எழுந்துவரும். தள்ளும் திசையில் இன்னொரு கை ஒருபோதும் இருக்கக் கூடாது. தகட்டைத் திருப்பித் திருப்பி வெட்டுங்கள், உளியைத் திருப்பாதீர்கள். நிற்க வேண்டிய கோட்டின் இரு பக்கமும் அடியில் அகன்று சரிவாக இருக்கும்படி வெட்டினால்தான் அழுத்தம் தாங்கும். உள்பக்கமாகக் குடைந்துவிட்டால் நாலு பிரதியில் கோடு நொறுங்கும்.

அச்செடுக்க பிரஸ் வேண்டியதில்லை. கண்ணாடிப் பலகையில் கொஞ்சம் மை வைத்து ரோலரால் தேய்த்துப் பரப்புங்கள். மை சரியான பதத்துக்கு வந்ததைக் கண்ணைவிடக் காது முன்னால் சொல்லும். மை அதிகமாக இருந்தால் சளசளவென்று கேட்கும், அளவாக இருந்தால் பொரிவதுபோல் சன்னமான ஓசை வரும். தகட்டில் மையேற்றி, மேலே தாளைப் போட்டு, எவர்சில்வர் கரண்டியின் முதுகால் வட்டம் வட்டமாகத் தேய்க்க வேண்டும். ஒரு ஓரத்தை மட்டும் மெல்லத் தூக்கிப் பார்த்து, கறுப்பு குறைந்த இடத்தில் மறுபடி தேய்க்கலாம். பிரஸ்ஸில் இந்தச் சலுகை கிடையாது. பின்கட்டுக் கதவருகே இருட்டு ஆழமாக வேண்டுமா, அங்கே அதிகம் தேயுங்கள். பத்தியின் சுவர் கொஞ்சம் சாம்பலாகத் தெரிய வேண்டுமா, அங்கே கையை லேசாக்குங்கள். ஒரே தகட்டிலிருந்து காலை வீட்டையும் சாயங்கால வீட்டையும் எடுக்கலாம். எல்லாப் பிரதியும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவருக்கு இது குறையாகப் படலாம். எனக்கு இதுதான் கையால் அச்செடுப்பதன் சுகமே.

மையில் தண்ணீர் மை, எண்ணெய் மை என்று இரண்டு. கழுவ வசதி என்று பலரும் தண்ணீர் மையில் ஆரம்பிக்கிறார்கள். சித்திரை, வைகாசியில் அது ரோலரிலேயே காய்ந்துவிடும். தாளைப் போடுவதற்குள் தகட்டில் ஒட்டாத புள்ளிகள் விழும். இந்த ஊருக்கு எண்ணெய் மைதான். அச்சகங்களுக்குப் போகும் ஆஃப்செட் மை டப்பாவே போதும், கெட்டியாக இருந்தால் ஒரு சொட்டு ஆளிவிதை எண்ணெய் விட்டுக் குழைத்துக்கொள்ளலாம். கழுவ மண்ணெண்ணெய் தேடி அலைய வேண்டாம். கடலையெண்ணெய் விட்டுத் துடைத்து, அப்புறம் சோப்புத் தண்ணீரால் துடைத்தால் சுத்தமாகிவிடும். அறையிலும் நாற்றம் இருக்காது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். அச்சில் எல்லாம் இடவலம் மாறும். செட்டிநாட்டு முகப்புகள் பெரும்பாலும் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் ஒத்துப்போவதால் கட்டடம் தப்பித்துவிடும். ஆனால் மேலே 'சிவமயம்' என்றோ ஆண்டு எண்ணோ இருந்தால் தகட்டில் இடவலம் மாற்றிப் பிரதியெடுத்துத்தான் வெட்ட வேண்டும். டிரேசிங் தாளில் வரைந்து, தாளைக் கவிழ்த்துத் தேய்த்தால் வேலை முடிந்தது.

ஆத்தங்குடியில் தரைக்கல் செய்வதைப் பார்த்தவர்களுக்கு இந்தத் தலைகீழ் உலகம் புதிதாக இருக்காது. கண்ணாடியின் மேல் சட்டத்தை வைத்து, அதனுள் பூ வடிவ அச்சைப் பொருத்தி, ஒவ்வொரு அறைக்குள்ளும் சிமெண்டுக் குழம்பாகக் கரைத்த வண்ணத்தை ஊற்றுவார்கள். அச்சை அசங்காமல் தூக்கிவிட்டு, மேலே மணலும் சிமெண்டும் கலந்த பொடியைத் தூவி, பிறகு ஈரக் கலவையை நிரப்பி மட்டம் செய்வார்கள். கல்லின் முகம் கண்ணாடியைப் பார்த்துக் கவிழ்ந்து கிடக்கும். செய்கிறவர் பார்ப்பது முதுகை மட்டும். தண்ணீரில் ஊறிக் காய்ந்து கண்ணாடியிலிருந்து பிரிந்தபிறகுதான் முகம் தெரியும். அந்தப் பளபளப்பும் கண்ணாடி கொடுத்ததுதான். இதுவும் ஒரு அச்சுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். லினோ பழக விரும்புகிறவர் ஒரு காலைப்பொழுது அந்தப் பட்டறையில் போய் நின்றால், வண்ணத்தை எந்த வரிசையில் யோசிக்க வேண்டும் என்பது விளங்கும்.

மரச்செதுக்கு? ஆசை வரும். இடித்த வீடுகளின் பர்மா தேக்கு இங்கே தூணாகவும் நிலையாகவும் விற்பனைக்குக் கிடக்கிறது. வீட்டை வீட்டின் மரத்திலேயே செதுக்கி அச்செடுத்தால் எப்படி இருக்கும் என்று யாருக்கும் தோன்றும். ஆனால் தேக்கில் சிலிக்கா இருப்பதால் உளியின் முனை சீக்கிரம் மழுங்கும், நாள் முழுக்கச் சாணை பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். மரத்தின் ரேகைக்குக் குறுக்கே நுணுக்கமான கோடு ஓட்டுவதும் பாடு. தேக்கை வேறு விதமாகப் பயன்படுத்தலாம். பழைய பலகையைக் கம்பித் தூரிகையால் தேய்த்தால் மென்மையான பகுதி பள்ளமாகி ரேகை எழும். அதன் மேல் மையேற்றி எடுத்தால் மரமே தன்னை வரைந்துகொள்ளும். அந்த ரேகையைப் பின்னணியாக அச்சிட்டு, மேலே லினோவால் நிலைக்கதவை அச்சிடலாம். தேக்குக்கு இது போதுமான மரியாதை.

எட்சிங்குக்கு வருவோம். பத்தியில் கறுப்பும் வெள்ளையும் தவிர ஒரு சாம்பல் உலகம் இருக்கிறதே, மழைக்கால மத்தியானத்தில் முற்றம் கொடுக்கும் அந்த மங்கல், அதை லினோவால் பிடிக்க முடியாது. பேனாவாலும் சிரமம். எட்சிங்கில் அக்வாடின்ட் என்ற முறை அதைப் பிடிக்கும். தகட்டின் மேல் குங்கிலியப் பொடியைத் தூவிச் சூடாக்கி ஒட்டவைத்து, அமிலத்தில் எவ்வளவு நேரம் விடுகிறோமோ அந்த அளவுக்கு இருட்டு ஏறும். கோடும் வேறு ஜாதி. மை தகட்டின் மேல்பரப்பில் நிற்காமல் கீறலுக்குள் நிற்கிறது. ஓலைச்சுவடியில் எழுத்தாணியால் கீறி, கரியைத் தேய்த்து, மேலே துடைத்துவிட்டால் எழுத்துக்குள் மட்டும் கறுப்பு தங்குவது இதே தத்துவம்தான். தாளைத் தடவினால் கோடு விரலில் தட்டுப்படும்.

அப்புறம் ஏன் வீட்டில் வேண்டாம் என்கிறேன்? துத்தநாகத் தகட்டுக்கு நைட்ரிக் அமிலம், செம்புத் தகட்டுக்கு ஃபெரிக் குளோரைடு என்பது வழக்கம். நைட்ரிக் அமிலத்தின் புகை நெஞ்சுக்குக் கேடு. நான்கு பக்கமும் மூடிய முற்றத்தில் அது சுற்றிக்கொண்டே நிற்கும். அதோடு, பளிங்கும் சுண்ணாம்புப் பூச்சும் சிமெண்டுத் தரைக்கல்லும் அமிலத்துக்கு எதிரே நிற்காதவை. ஒரு கிண்ணம் சாய்ந்தால் தாத்தா காலத்துத் தளத்தில் ஆறாத வடு விழும். ஃபெரிக் குளோரைடு புகையாது, ஆனால் அதன் மஞ்சள் பழுப்புக் கறை போகாது, அதுவும் அரிக்கும். மாற்று வழி உண்டு: மயில்துத்தமும் (செம்பு சல்பேட்) உப்பும் கரைத்த நீரில் துத்தநாகத் தகடு புகையில்லாமல் அரிபடும். செம்புத் தகட்டை மயில்துத்தக் கரைசலில் தொங்கவிட்டு, நேர்மின் முனையில் இணைத்துக் குறைந்த மின்சாரம் பாய்ச்சினாலும் கோடுகள் விழும். 1953 முதல் மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இருக்கும் காரைக்குடியில் இந்த வேதியியல் யாருக்கும் அந்நியமில்லை. இருந்தாலும் மயில்துத்தக் கழிவைச் சாக்கடையிலோ ஊருணிப் பக்கமோ கொட்ட முடியாது, மீனுக்கு விஷம். அதற்கு மேல், பிரஸ் கட்டாயம். கம்பளியும் உருளையும் சேர்ந்து தரும் அழுத்தம் இல்லாமல் கீறலுக்குள் இருக்கும் மை தாளுக்கு ஏறாது. கரண்டி இங்கே உதவாது.

ஆகவே எட்சிங்குக்கு நான் சொல்லும் வழி பயணம். சென்னை கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாடமியின் வட்டார மையத்தில் அச்சு ஓவியப் பட்டறை இருக்கிறது. ஊரில் குறிப்பேடு நிறைய வரைந்து வைத்துக்கொண்டு அங்கே போய்த் தகடு போடுங்கள். அச்சு ஓவியத்தில் பேர் பெற்ற ஆர்.எம். பழனியப்பன் 1957இல் தேவகோட்டையில் பிறந்தவர். அமெரிக்காவில் டமரிண்ட் என்ற அச்சுக்கலை நிறுவனம் வரை போய் லித்தோகிராஃபி (கல்லில் வரைந்து அச்செடுப்பது) பயின்றவர். அவருடைய அச்சுகளில் கீறலும் எண்ணும் அளவுக் குறியும் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறி நிற்பதைப் பார்த்தால், தகடு என்பது வெறும் பிரதியெடுக்கும் சாதனமாக இருக்க வேண்டியதில்லை என்று புரியும். முடிந்தால் அசல் பிரதியைப் பாருங்கள், போனில் பார்த்தால் பாதிதான் தெரியும்.

லித்தோகிராஃபியைத் தனியாக எண்ணிப் பார்க்கவே வேண்டாம். கல்லும் பிரஸ்ஸும் கிடைப்பது கஷ்டம். அதன் பெருமை என்னவென்று தெரிந்துகொள்ள மட்டும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் ரவிவர்மா படம் ஒன்றை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். 1894இல் பம்பாயில் அவர் தொடங்கிய அச்சகத்தில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு கல் என்று அடுக்கடுக்காக அச்சிட்டவை அவை. பூதக்கண்ணாடி வைத்தால் லட்சுமியின் கன்னத்தில் புள்ளி புள்ளியாக வண்ணங்கள் தெரியும்.

ஸ்கிரீன் பிரிண்டிங்குக்குக் கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் பை அடிக்கிறவர்களே துணை இருக்கிறார்கள். தரைக்கல்லின் பூக்கோலம் மாதிரி தட்டையான, ஓரம் சுத்தமான வண்ணத்துக்கு நல்ல முறை. வீட்டின் இருட்டுக்கு அதில் இடமில்லை.

சரி, லினோ என்று முடிவானால் எப்படி ஆரம்பிப்பது? உள்ளங்கையை விரித்த அளவுக்கு, 15க்கு 20 செ.மீ. தகடு போதும். கரண்டியால் தேய்க்க அதுவே கைக்கு வேலைதான். தாள் மெல்லியதாக இருக்கட்டும். புதுச்சேரியில் ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தார் 1959இல் தொடங்கிய கைத்தாள் ஆலையின் பருத்தித் தாள் கெட்டியில் பல வகை கிடைக்கும். 100 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை) பக்கம் உள்ளதை லினோவுக்கும், 200க்கு மேல் உள்ளதைப் பேனாவுக்கும் எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் மை காய நாள் பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இன்னும் இழுக்கும், ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினால் பின்பக்கம் ஒட்டிக்கொள்ளும். ஆகவே வரைவதையும் வெட்டுவதையும் மழைக்காலத்துக்கு வைத்துக்கொண்டு, தை பிறந்தபிறகு அச்செடுங்கள். பத்தியில் கொடி கட்டி கிளிப் போட்டுத் தொங்கவிட்டால் காற்றுக்குக் காய்ந்துவிடும். காய்ந்தபின் கீழ் ஓரத்தில் பென்சிலால் பிரதி எண்ணும் கையெழுத்தும் போடுங்கள். பேனாவால் போட்டால் தாளுக்குள் ஊறிப் பின்பக்கம் தெரியும்.